மாடன் கொடையும் மருமவன் ஃபைலும்

ஏ மருமவனே, வா, இப்படித் திண்ணையில உக்காரு. ஆவணிக் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கிற சோலியை ஊர்க்கூட்டத்துல உன் தலையில கட்டிட்டாவளாமே? சந்தோசம். வரி பிரிக்கிறதைக் கறாராப் பேசத் தெரிஞ்சவன்கிட்ட குடுத்தாவ. வில்லுப்பாட்டுக்கு ஆள் பேசுறதை நாலு ஊரு கொடை பாத்தவன்கிட்ட குடுத்தாவ. நோட்டீஸுக்கு மட்டும் லேப்டாப் வச்சிருந்தாப் போதும்னு நெனச்சிட்டாவ, பாவம்.

ஃபைலைக்கூட வேர்டுல அடிச்சு, அடிச்ச சூட்டோட சிவகாசிக்கு வாட்ஸப்புல தட்டி விட்டுட்டியாம். மெச்சுதேன். இனி நீ காலாட்டிக்கிட்டுப் படுத்துத் தூங்கலாம். எந்தப் பேரை எந்த வரியில வைக்கணும், சாமி படத்தை எங்க நிறுத்தணும், எந்த எழுத்துல அடிக்கணும்னு அங்க இருக்கிற கம்ப்யூட்டர் அதுவா ஒரு முடிவு எடுத்துக்கிடும். அந்த முடிவு ஊருக்குப் பிடிக்கலேன்னா ஊர்க்கூட்டம் இன்னொரு தரம் கூடும். எங்களை மாதிரிக் கிழடுகளுக்கும் பொழுது போவணும்லா.

என்னலே முழிக்க? உன் லேப்டாப்புல சரியாத்தான் இருந்துச்சா? இருந்திருக்கும். யாரு இல்லேன்னா? உன் லேப்டாப்பு உனக்குச் சொந்தம், அதுக்கு உன் குணம் தெரியும். சிவகாசிக்காரன் கம்ப்யூட்டருக்கு உன்னைத் தெரியாது.

வேர்டு ஃபைல்னா முடிஞ்ச பக்கம்னு நெனச்சுக்கிட்டிருக்க நீ. அது பக்கம் இல்லலே. பக்கம் எப்படி இருக்கணும்ங்கிற குறிப்பு. எழுத்துக்குப் பேரு இன்னது, அளவு 14, ஓரம் இவ்வளவு, வரிக்கு நடுவுல இடைவெளி இவ்வளவு. தொறக்குத கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அந்தக் குறிப்பைப் படிச்சுப் பக்கத்தைப் புதுசாக் கட்டுது. நீ சொன்ன எழுத்து அங்க இல்லேன்னா ஃபைல் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்காது. கைக்குக் கெடச்ச வேற எழுத்தை எடுத்துப் போட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கும். அந்த எழுத்து கொஞ்சம் அகலமா இருந்தாப் போதும், ஒரு வரி ரெண்டு வரியாகும். ரெண்டு வரி நாலாகும். முதல் பக்கத்துக் கடைசியில இருந்த பேரு ரெண்டாம் பக்கத்துக்குத் தாவும். அந்தக் கடைசிப் பேரு யாருதுன்னு பாத்தியா? ஒலி, ஒளி உபயம் பண்ணுத ஆளு. முதல் பக்கத்துல பேரு வரணும்னுதாம்ல அவன் குழாய் ரேடியோவை நாலு நாளைக்கு இனாமாத் தாறான். பேரு பின்பக்கம் போச்சுன்னா மைக்கு அவன் வீட்டுலதான் இருக்கும். அப்புறம் வில்லுப்பாட்டைக் கையைக் குவிச்சு வச்சுத்தான் கேக்கணும்.

இன்னொரு விசயம். நீ கொடை விவரத்தைப் பாமினி எழுத்துல அடிச்சிருக்க. பழைய டிடிபி கடைக்காரன் சொல்லிக் குடுத்திருப்பான். பாமினி என்ன செய்யுது தெரியுமா? தமிழ்னு அடிக்கணும்னா நீ ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி அடிக்கிற. ஃபைலுக்குள்ள இருக்கது அந்த இங்கிலீசு எழுத்துதான். பாமினி அது மேல தமிழ் முகமூடியை மாட்டி நிக்கி. பாமினி இல்லாத கம்ப்யூட்டர்ல முகமூடி கழண்டு போவும். சுடலைமாடன் துணைங்கிற இடத்துல வாய்க்குள்ள நுழையாத இங்கிலீசு எழுத்து வரிசை கட்டி நிக்கும். சாமியாடி அதைப் பாத்தா நோட்டீஸைப் பாத்தே அருள் வந்துரும்.

அதுக்குப் பிறகு பாதியில உனக்கே அலுத்துப் போயி, மிச்சத்தை ஃபோன்ல யூனிகோடுல அடிச்சு ஒட்டியிருக்க. யூனிகோடு நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா சில ஆபீஸ்ல இன்னமும் பேஜ்மேக்கரை வச்சு ஓட்டுதாவ. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு ஆகாது. அங்க கொண்டுபோய் ஒட்டினா உன் தமிழ் பூரா கேள்விக்குறியா நிக்கும். இன்னும் சில பழைய சாஃப்ட்வேர்ல எழுத்து வரும், கொம்பு மட்டும் முன்னால வர வேண்டியது பின்னால போய், ஒரு புள்ளி வட்டத்தைப் பக்கத்துல சேத்துக்கிட்டு நிக்கும். யூனிகோடு உள்ளுக்குள்ள எழுத்தை முதல்லயும் கொம்பை அடுத்தும் சேத்து வைக்கும். அதை இடம் மாத்திக் காட்டுறது பாக்குத சாஃப்ட்வேரோட வேலை. அதுக்கு அந்த வேலை தெரியலேன்னா 'கெ' எழுத்து கெட்டுப் போகும்.

மாமா, எங்கிட்ட இருக்க எழுத்தேதான் அவுககிட்டயும் இருக்காம்னு சொல்லாத. பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணா? நம்ம புதுக்கோட்டை திருநெல்வேலி ரோட்டுல, தூத்துக்குடிக்கு மேக்க, வாகைக்குளத்து ஏர்போட்டுக்குப் பக்கத்துல இருக்கு. இன்னொரு புதுக்கோட்டை தொண்டைமான் ஆண்ட சமஸ்தானம், ஒரு மாவட்டத்துக்கே தலைநகரம். மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு வெறுமனே புதுக்கோட்டைன்னு சொல்லி பஸ் ஏத்திவிட்டா, பந்தியில அவுக வீட்டு இலையெல்லாம் சும்மா கெடக்கும். எழுத்துலயும் அப்படித்தான். ஒரே பேருல பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு, யாரோ திருத்தினது ஒண்ணுன்னு சுத்துது. பேரு ஒத்துப்போனதால கம்ப்யூட்டர் எச்சரிக்கைகூடப் பண்ணாது. அகலம் மட்டும் ஒரு நூல் மாறி இருக்கும். வரி நகந்துரும்.

அதனாலதான் சொல்லுதேன். எழுத்து வேணுங்கிற இடத்துக்கு எழுத்தைக் கூடவே அனுப்பணும். இதை நான் லேப்டாப்புல படிக்கல. நம்ம கரையிலதாம்ல முதல்ல படிச்சாவ.

1554-ல போர்த்துகல் நாட்டு லிஸ்பன்ல ஒரு தமிழ்ப் பொஸ்தகம் அச்சாச்சு, கேள்விப்பட்டிருக்கியா? சொல்லு தமிழு, எழுத்து மட்டும் ரோமன். லிஸ்பன்ல தமிழ் எழுத்து வார்த்து வைக்கல, இருக்கதை வச்சு அடிச்சாவ. இன்னைக்கு உன் ஃபைலுக்கு நடந்ததும் அதேதான். அவுக தெரிஞ்சு செஞ்சாவ, நீ தெரியாமச் செஞ்சிருக்க, அம்புட்டுதான் வித்தியாசம்.

பொறவு கோவாவுல 1577-ல தமிழ் எழுத்து வார்த்தாவ. கொல்லத்துல 1578-ல இன்னொரு தொகுதி வார்த்தாவ. அதை வச்சு அந்த வருசம் அக்டோபர் 20-ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சாச்சு. மொத்தமே 16 பக்கம். இந்தியாவுல இந்திய மொழி எழுத்துல அச்சான முதல் பொஸ்தகம் அதுதான். மொழிபெயர்த்தது ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார். முத்துக்குளித்துறையில வருசக்கணக்காக் கெடந்து நம்ம ஆளுககிட்டத் தமிழ் படிச்ச மனுசன். செலவுக்குப் பணம் போட்டது யாரு? முத்துக்குளித்துறைப் பரவர் மக்கள். கடலுக்குள்ள மூச்சடக்கி எடுத்த காசு அச்செழுத்தா ஆயிருக்கு. நீ என்னடான்னா பிடிஎஃப் ஆக்க ஒரு பட்டனை அமுக்கச் சோம்பல்படுத.

அந்தப் பொஸ்தகத்துக் கடைசிப் பக்கத்துல கோவாவுல வார்த்த எழுத்து இது, கொல்லத்துல வார்த்த எழுத்து இதுன்னு ரெண்டுக்கும் மாதிரி அடிச்சுக் காட்டியிருக்காவ. இன்னைக்குப் பிடிஎஃப்ல ப்ராப்பர்ட்டீஸைத் தொறந்தா ஃபான்ட்ஸ்னு ஒரு பட்டியல் வருதுல்லா, அந்த வேலையை 1578-லயே செஞ்சு முடிச்சிட்டாவ. அதுக்கப்புறம் 1586-ல அதே பாதிரியார் எழுதுன 'அடியார் வரலாறு' வந்துச்சு. அறுநூறு பக்கத்துக்கு மேல போற பெரிய பொஸ்தகம். அது அச்சானது நம்ம புன்னைக்காயல்லன்னு சொல்லுதாவ. ஆத்தூர் தாண்டி, தாமிரபரணி கடல்ல விழுத இடம். இன்னைக்கு அங்க போனா வள்ளமும் வலையும்தான் கண்ணுல படும். நானூறு வருசத்துக்கு முந்தி அங்க தமிழ் எழுத்துக் கோத்திருக்காவன்னு சொன்னா உன் லேப்டாப்பு நம்பாது.

எழுத்துக் கூட வந்தாலும் அளவு சரியில்லேன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கும் கதை இருக்கு. 1713-ல ஜெர்மனி ஹாலே ஊருல வார்த்த தமிழ் எழுத்து கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்துச்சு. எல்லாம் பெரிய பெரிய எழுத்து. காயிதம் மளமளன்னு தீந்துச்சு. பாலாடைக்கட்டி சுத்தி வந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துத்தான் பைபிள் வேலையை ஒப்பேத்துனாவ. நீயும் சாமி பேருக்கு 72 அளவு போட்டு, அன்னதான நேரத்துக்கு 7 அளவு போட்டிருக்கியே, அதை நான் எந்தக் கணக்குல சேக்க? சாமிக்கு வயசாகல, கண்ணு நல்லாத் தெரியும். சோறு எப்பன்னு தேடிப் படிக்கிற எங்களுக்குத்தான் தெரியாது.

சரி, எழுத்தைக் கூடவே கொண்டுபோற இந்தப் பிடிஎஃப் எங்க இருந்து வந்துச்சு? அமெரிக்காவுல ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கின்னு ரெண்டு பேரு. 1982-ல அடோபி கம்பெனியைத் தொடங்குனாவ. 1991-ல வார்னாக் ஒரு சின்னத் திட்டம் எழுதி அதுக்குக் கேமலாட்னு பேரு வச்சாரு. எந்தக் கம்ப்யூட்டர்ல செஞ்ச பக்கத்தையும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் செஞ்சபடியே பாக்கணும், செஞ்சபடியே அச்சடிக்கணும், அவ்வளவுதான் அவரு கேட்டது. 1993-ல அது அக்ரோபேட், பிடிஎஃப்னு வெளிய வந்துச்சு. 2008-ல அது ஐஎஸ்ஓ 32000ங்கிற உலகத் தரமாயிட்டு. அதுக்குப் பிறகு ஒரு கம்பெனி சொத்து இல்ல அது.

அதுல என்ன விசேசம்னா, இன்ன உருவம் பக்கத்துல இன்ன இடத்துல நிக்கணும்னு பிடிஎஃப் முடிவாச் சொல்லிருது. கொம்பு இங்க, க இங்க, கால் இங்க. அந்த உருவத்தையும் உள்ளயே வச்சிருக்கு. அதனால சிவகாசிக் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரிய வேண்டாம். பாமினி வேண்டாம், யூனிகோடு புரிய வேண்டாம், கொம்பை இடம் மாத்த வேண்டாம். சொன்ன இடத்துல சொன்ன உருவத்தை வச்சாப் போதும்.

உடனே எந்திரிச்சு ஓடாத, உக்காரு. பிடிஎஃப்னு பேரு போட்டதெல்லாம் பிடிஎஃப் ஆயிராது. எழுத்து உள்ள ஏறியிருக்கான்னு பாக்கணும். இப்பச் சொன்னேனே, ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எம்பெடட் இல்லேன்னா எம்பெடட் சப்செட்னு இருக்கணும். சப்செட்னா பயன்படுத்துன எழுத்தை மட்டும் ஏத்தியிருக்குன்னு அர்த்தம், அது போதும். ஒரு பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை இல்லேன்னா அந்த எழுத்து இன்னும் உன் லேப்டாப்புலதான் இருக்கு, சிவகாசிக்குப் போகல. சில எழுத்தை உள்ள ஏத்தக் கூடாதுன்னு செஞ்சவனே பூட்டுப் போட்டு வச்சிருப்பான். அப்படின்னா எழுத்தை மாத்து. பூட்டை உடைக்கதுக்கு மாமன்கிட்ட யோசனை கேக்காத.

கோரல்டிராவுல செய்யுத பையன்மாரு இன்னொரு வழி வச்சிருக்காவ. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் க்யூ அமுக்கிருவாவ. எழுத்து பூரா கோடா மாறிரும், எழுத்தே கெடையாது, வெறும் படம். அதுக்கு ஃபான்ட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நல்ல வழிதான். ஆனா கோடா மாத்துன பிறகு 'அன்னதாணம்'னு மூணு சுழி போட்டது கண்ணுல பட்டா திருத்த முடியாது. மாத்துறதுக்கு முந்தின ஃபைலைத் தனியா வச்சுக்கோ. நெறைய பேரு வச்சுக்கிடுதது இல்ல. அப்புறம் ரெண்டு சுழி 'ன'வை வேற எங்கயோ இருந்து வெட்டிக் கொண்டாந்து ஒட்டுதாவ, அது ஒண்ணு மட்டும் தடிச்சுக்கிட்டு நிக்கி.

இப்ப கலருக்கு வாறேன். இதுலதான் நீ பெரிய ஆளு. திருச்செந்தூர்க் கடல் படத்தைப் பின்னணியில போட்டு, மாடன் அதுக்கு முன்னால அருவாளோட நிக்காரு. உன் ஸ்கிரீன்ல பளபளன்னு மின்னுது. மின்னும். ஸ்கிரீன் வெளிச்சத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் கலந்து காட்டுது. அச்சு மெஷின்ல வெளிச்சம் கெடையாது, மைதான். வெளிர்நீலம், ரோஸ், மஞ்சள், கருப்புன்னு நாலு மை, நாலு பிளேட். உன் ஸ்கிரீன்ல மின்னுத அந்த நீலத்தை இந்த நாலு மையும் உருண்டு பெரண்டாலும் கொண்டுவர முடியாது. மங்கித்தான் வரும். ஃபைலை ஆர்ஜிபியா அனுப்பிட்டு, வந்த பிறகு "கடல் ஏன் சாம்பலா இருக்கு"ன்னு அச்சாபீஸ்காரன்கிட்ட எகிறுறது ஊருல வழக்கமாப் போச்சு. முதல்லயே சிஎம்ஒய்கேக்கு மாத்திப் பாத்தா, மங்குறதை உன் வீட்டுலயே பாத்து, உன் வீட்டுலயே வருத்தப்பட்டுக்கிடலாம்.

வேர்டுக்கு இந்த நாலு மைக் கணக்குத் தெரியாது. அது பிடிஎஃப் செஞ்சாலும் ஆர்ஜிபியாத்தான் செய்யும். இதுல மோசம் என்னன்னா கருப்பு எழுத்து. உன் கண்ணுக்கு அது கருப்பு. நாலு கலருக்கு மாத்தும்போது நாலு மையும் கலந்த கருப்பா மாறிரும் பாத்துக்கோ. ஒவ்வொரு பேரையும் நாலு பிளேட்டு நாலு தடவை அடிக்கும். தாள் ஒரு மயிரிழை நகந்தாப் போதும், பேருக்குப் பின்னால ரோஸ் நிழலு, மஞ்சள் நிழலு. தர்மகர்த்தா பேரு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா சாயங்காலம் ஆகிட்டுன்னு நெனச்சுக்கிடுவாரு. எழுத்துக்கு வெறும் கருப்பு மை மட்டும்னு வச்சுக்கோ. அதனால சொல்லுதேன், ஒரே கலர்ல ரோஸ் தாள்ல அடிக்கிற நோட்டீஸா, வேர்டே போதும், பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, கருப்பு மட்டும்னு எழுதிக் குடு. சாமி படம், கடல், பட்டாசு எல்லாம் வேணும்னா இண்டிசைனோ கோரலோ தெரிஞ்ச பிள்ளையைப் பிடி. இண்டிசைனுக்குத் தமிழ் ஒழுங்கா வரணும்னா வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போடச் சொல்லு. அது போடாத இண்டிசைன்ல கொம்புக்கும் எழுத்துக்கும் சண்டைதான்.

போட்டோவை எங்க இருந்து எடுத்த? போன வருசக் கொடையில எவனோ எடுத்து, குரூப்புல போட்டு, அதை நீ சேமிச்சு, இன்னொருத்தனுக்கு அனுப்பி, அவன் உனக்குத் திருப்பி அனுப்புனதா? ஒவ்வொரு தரமும் வாட்ஸப்பு அதைப் பிழிஞ்சு சுருக்கி அனுப்பும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். நாலு அங்குல அகலத்துல மாடன் நிக்கணும்னா படத்துல 1200 புள்ளி அகலம் இருக்கணும். எண்ணிப் பாத்துக்கோ. படத்தைப் படமா அனுப்பாத, டாக்குமெண்டா அனுப்பச் சொல்லு, அப்பச் சுருங்காது. பிடிஎஃப்பையும் அப்படித்தான். பிடிஎஃப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சாபீஸுக்கு அனுப்புன மகராசன் ஒருத்தன் இந்த ஊருல இருக்கான். பேரு சொல்ல மாட்டேன். நீதான் அவன்னும் சொல்ல மாட்டேன்.

தாள் அளவு என்ன போட்டிருக்க? ஒண்ணும் போடல, அதுவா வந்ததா? அதுவா வந்தது லெட்டர் அளவா இருக்கும், அமெரிக்காக்காரன் தாள், 216-க்கு 279 மில்லிமீட்டர். நம்ம ஏ4 210-க்கு 297. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், பாத்தா ஏமாந்துருவ. அச்சடிக்கிற பொருளோட கடைசி அளவு என்னவோ அதை முதல்லயே போட்டுட்டுத்தான் ஒரு எழுத்துகூட அடிக்கணும். பிறகு மாத்துனா பக்கம் பூரா மறுபடி புரளும்.

பின்னணிக் கலர் தாளோட விளிம்பு வரைக்கும் போகணும்னா விளிம்போட நிறுத்தாத. வெட்டுற மெஷின் பேரு கட்டிங் மெஷினு, அளவு பாக்குற மெஷின் இல்ல. ஐந்நூறு தாளை ஒண்ணா அமுக்கி வெட்டும்போது ஒரு நூல் அங்க இங்க போவும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கலரை வெளிய விடு. அதுக்கு ப்ளீட்னு பேரு. ஏ5 நோட்டீஸ்னா 148-க்கு 210. உன் ஃபைல் 154-க்கு 216 இருக்கணும். எழுத்தை மட்டும் விளிம்புல இருந்து 5 மில்லிமீட்டராவது உள்ள வை. ப்ளீட் விடாம ஓரத்தோட ஒட்டி வச்ச ஒரு கல்யாணப் பத்திரிகையில ஒரு பக்கம் வெள்ளைக் கோடு விழுந்துச்சு. இன்னொரு பக்கம் பொண்ணு பேருல கடைசி எழுத்து வெட்டுப்பட்டு, அவ பேரு ஆம்பிளைப் பேராச்சு. அந்தப் பத்திரிகையை இன்னும் அந்த வீட்டுல பூட்டி வச்சிருக்காவ.

இவ்வளவையும் நீ மனப்பாடம் பண்ண வேண்டாம். அச்சுக்காரன்மாரு இதுக்குன்னே ஒரு பிடிஎஃப் வச்சிருக்காவ, பிடிஎஃப்/எக்ஸ்னு. ஐஎஸ்ஓ 15930. அதுல எக்ஸ்-1ஏன்னு ஒண்ணு 2001-லயே வந்துச்சு, ரொம்பக் கறார்ப் பேர்வழி. எழுத்து பூரா உள்ள இருக்கணும், ஆர்ஜிபி கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு கண்ணாடியாத் தெரியுத கலர் கூடாது. எக்ஸ்-4ன்னு பின்னால வந்தது கொஞ்சம் இளக்கம். எதுல வேணும்னு அச்சாபீஸ்ல கேளு. சொல்லுவாவ. கேட்டா உன் லேப்டாப்புக்கு மரியாதை கூடத்தான் செய்யும். கேக்காம உனக்கு நீயே ஒரு முடிவு பண்ணி அனுப்புனா அவுக உன் ஃபைலைத் தொறந்து, தலையில அடிச்சுட்டு, அவுக இஷ்டத்துக்கு மாத்திருவாவ. அதுக்கு நீ வேர்டையே அனுப்பியிருக்கலாம்.

உனக்கு ஒண்ணு சொல்லட்டா? நான் தூத்துக்குடியில ட்ரெடில் மெஷின் ஆபீஸ்ல கம்பாசிட்டரா இருந்தப்ப நோட்டீஸ் எழுதிட்டு வாறவன் என்ன கொண்டாருவான் தெரியுமா? பீடிக்கட்டுத் தாள்ல பென்சில்ல கிறுக்கி வச்சிருப்பான். 'தர்மகர்தா'ன்னு எழுதியிருந்தா நாங்க த் ஒண்ணு சேத்துக் கோப்போம். பேரு ரெண்டு தரம் வந்தா ஒண்ணை எடுப்போம். தேதியும் கிழமையும் பொருந்தலேன்னா காலண்டரைப் பாத்துச் சரி பண்ணுவோம். 1978-ல அரசாணை வந்து லை, னை எல்லாம் உருவம் மாறுனப்ப, பழசை எழுதிட்டு வந்தவனுக்கும் புதுசைக் கோத்துக் குடுத்தோம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சரியா எழுதிட்டோம்னு மார்தட்டிக்கிட்டுப் போவான். இப்ப அச்செழுத்து வச்சிருந்த கேஸும் இல்ல, அதைக் கோத்த ஸ்டிக்கும் இல்ல, தப்பைக் கண்டா கை நிக்கிற ஆளும் இல்ல. உன் பிடிஎஃப் நேரா பிளேட்டுக்குப் போவுது. வழியில ஒருத்தனும் படிக்க மாட்டான். படிச்சாலும் தொட மாட்டான், தொட்டா அவன் தலையில விழும். நீதாம்ல இப்ப கம்பாசிட்டர். சம்பளம் மட்டும் கெடையாது.

பிடிஎஃப் உன் எழுத்தைப் பத்திரமாக் கொண்டுபோவும். உன் தப்பையும் அதே பத்திரத்தோட கொண்டுபோவும். ஆவணி மூணாம் வெள்ளின்னு போட்டு, பக்கத்துல புதன்கிழமைத் தேதியைப் போட்டா பிடிஎஃப் உன்னைக் கேள்வி கேக்காது. அதனால அனுப்புறதுக்கு முந்தி உன் பிரிண்டர்ல ஒண்ணு எடு. எடுக்கும்போது ஃபிட்டுன்னு இருக்கதை அமுக்காத, ஆக்சுவல் சைஸ்னு இருக்கும், அதை அமுக்கு. இல்லேன்னா பிரிண்டர் சுருக்கிக் காட்டி உன்னைச் சந்தோசப்படுத்தும். நாலு பக்க நோட்டீஸ்னா மடிச்சுப் பாரு, எது முதல் பக்கம், எது கடைசின்னு. பின் அடிக்கிற மலரா, பக்கம் நாலால வகுபடணும். இல்லேன்னா கடைசியில வெறும் தாள் ஒண்ணு விழும். அதுல விளம்பரம் போட்டுருப்பேனேன்னு வரிக்காரன் உன்னைத்தான் வைவான். பக்கத்தை ஒவ்வொண்ணாக் குடு, ரெண்டு ரெண்டாச் சேத்துக் குடுக்காத. அதை அடுக்குறது அவுக வேலை.

பேரையெல்லாம் நீ படிக்காத. அடிச்சவன் கண்ணுக்குத் தப்புத் தெரியாது. அத்தையைக் கூப்பிடு. அவளுக்கு ஊருல எவன் பேருக்கு எந்த இனிசியலு, யாருக்குத் தாத்தா பேரு என்ன, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு எல்லாம் தெரியும். பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பேரை அடுத்தடுத்த வரியில வச்சிருந்தா அதையும் சொல்லிருவா. அக்ரோபேட்டுக்கு அந்த வசதி கெடையாது.

வரிசையை எப்படி வைக்கன்னு கேக்கியா? ஊருல கால்வாசிச் சண்டை அதுலதான் வருது. அகர வரிசையில வையி. பெரிய ஆளு, சின்ன ஆளு, கூடக் குடுத்தவன், கொறையக் குடுத்தவன் எல்லாம் வரிசையில காணாமப் போவாவ. கேட்டா கம்ப்யூட்டர் அப்படி வச்சிட்டுன்னு சொல்லு. இந்த ஒரு பொய்யை மட்டும் அதுமேல போடலாம், அது சும்மா கெடக்கும். குழாய் ரேடியோக்காரன் பேரு 'அ'வுல தொடங்குதான்னு பாத்துக்கோ, தொடங்கலேன்னா உபயம்னு தனிக் கட்டம் போட்டு முதல் பக்கத்துலயே வச்சிரு.

இன்னைக்கு ராத்திரி வேர்டைத் திறந்து எழுத்தை ஒண்ணாக்கு. பாமினி பாதி, யூனிகோடு பாதின்னு இருக்காத. அளவைப் போடு, ப்ளீடை விடு, ஃபான்ட்ஸ் பட்டியலைப் பாரு, அத்தை கையில ஒரு பிரதியைக் குடு. சிவகாசிக்கு ஒரு ஃபோன் போட்டு, முதல்ல அனுப்புனதைத் தூக்கிப் போடச் சொல்லு, அதைத்தான் மறந்துருவ. இல்லேன்னா அவுக அந்த வேர்டையே அடிச்சுக் கட்டுக் கட்டா லாரியில ஏத்திருவாவ.

தாமதம் பண்ணாத. ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சிவகாசியில அடுத்த வருசக் காலண்டர் ஆல்பத்தை வெளிய விடுவாவ. அதுக்கப்புறம் அங்க நாடு பூராவுல இருந்து காலண்டர் ஆர்டர் வந்து குவியும். நம்ம மாடன் கொடை நோட்டீஸு ஆடி 18-க்கு முந்தி மெஷின்ல ஏறிரணும்.